கண்மாய் பெருகினால் வரும்

மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பானைப் பார்க்க ஆற்றோரமாகப் போ என்பார்கள். செட்டிநாட்டில் அப்படிப் போனால் மணலையும் சீமைக்கருவேலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு என்று பெயருக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வெள்ளம். அப்புறம் பாலத்து மேலே பஸ் போகும், கீழே ஆடு போகும். அந்த நாலு நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்பவை கண்மாய்கள். மீன் அங்கேதான். மீனைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாத இந்தப் பறவையும் வந்தால் அங்கேதான் வரும்.

வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பி வருகிற வலசைப் பறவை இது. கடற்கரைக் காயல்களிலும் பெரிய அணைகளிலும் பனிக்காலத்தில் பார்த்துவிடலாம். எங்கள் பக்கம் ஒன்று தட்டுப்பட்டாலே பெரிது. மழை பொய்த்த வருஷம் அதுவும் கிடையாது.

ஆகவே பறவைக்கு முன்னால் தண்ணீரைத் தேட வேண்டியிருக்கிறது. எந்தக் கண்மாயில் கலுங்கு பாய்ந்தது, எதில் வரத்துக்கால் தூர்ந்து பாதிகூட நிறையவில்லை என்பதெல்லாம் நீர்ப்பாய்ச்சிகளுக்குத்தான் தெரியும். பைனாகுலரும் செல்போன் செயலியும் வைத்திருக்கிற எங்களைவிட, மடை திறக்கிறவர் பார்த்த பறவை அதிகம். அப்படி ஒரு பெரியவரிடம் விசாரித்தேன்.

“பருந்துன்னா எதுங்க, கருடனா?”

“இல்லய்யா. வயிறு வெள்ளையா இருக்கும். கண்ணு வழியா ஒரு கறுப்புக் கோடு ஓடும்.”

“காலை முன்னால நீட்டிக்கிட்டுப் பொத்துன்னு விழுமே, அதுவா? அந்தா நிக்கிது பாருங்க பட்ட மரம், காலையில அதுலதான் உக்காரும்.”

உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறியபின் கிளம்பி, தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்தபடியே நின்று, கால்களை நீட்டிக்கொண்டு விழுந்தது. எழும்பியபோது காலில் ஒரு கெண்டை. பறந்தபடியே உடம்பை ஒரு உதறு உதறி, மீனின் தலை முன்பக்கம் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டது; காற்றின் எதிர்ப்பு குறையும். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று இறுக்கிக்கொள்ளும். உள்ளங்காலிலும் முள் முள்ளாக இருப்பதால் வழுக்குகிற மீனும் தப்பாது. இரண்டு காக்கைகள் விடாமல் துரத்தின.

மீனைப் பங்குபோட வந்த பறவை என்று யாரும் கல்லெறியவில்லை. “ஊரே திங்கிற மீனு. அது ஒண்ணு தின்னுட்டா கொறஞ்சா போகுது?” என்றார் பெரியவர். இந்தப் பக்கத்து மனசு அது. திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில் நத்தைகுத்தி நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்குள்ள கண்மாய்களை வேட்டங்குடிச் சரணாலயம் என்று 1977-இல் அறிவித்தது அரசு; பிள்ளைகளின் கையிலிருந்து வெடியை வாங்கி வைத்தது ஊர்.

பிரிட்டனில் கதையே வேறு. முட்டை சேகரிப்பவர்களாலும் துப்பாக்கிக்காரர்களாலும் 1916-க்குப் பிறகு விராலடிப்பான் அங்கே கூடு கட்டுவதே நின்றுபோனதாகக் கணக்கு. 1954-இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் திரும்பி வந்தது. 1958-இல் ஒரு திருடன் இரவில் மரமேறி முட்டைகளை எடுத்துக்கொண்டு, பூட்ஸ் பாலீஷ் பூசிய கோழிமுட்டைகளை வைத்துவிட்டுப் போனான்! மறு வருஷம் முள்கம்பி கட்டி இரவு பகலாகக் காவல் போட்டார்கள்.

நான் பார்த்த கண்மாய் எதுவென்று இங்கே எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கரை மேல் பத்துக் கார் வந்து நின்றால் அந்தப் பட்ட மரம் காலியாகிவிடும். உங்கள் ஊரிலும் கண்மாய் இருக்கும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதைச் சாக்காக வைத்துக் கரையேறிப் பாருங்கள். அறுவடை முடிந்து, மீன்பிடித் திருவிழாவுக்கு வெள்ளைத் துண்டு வீசி, ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளோடு ஊர் உள்ளே இறங்குவதற்குள் போய்விட வேண்டும். அதற்கப்புறம் விராலடிப்பானுக்கு அங்கே வேலையில்லை.