மலைத்தடச் சைக்கிளுக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

மலைத்தடங்களில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்களை நீங்கள் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். தடித்த டயர்கள், அகன்ற ஹாண்டில்பார், முன்சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர், பின்சக்கரத்துக்கு இன்னொன்று. இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையக்கூடிய இந்த வகைக்கு ‘ஃபுல் சஸ்பென்ஷன்’ என்று பெயர். இவற்றின் விளம்பரங்களில் தவறாமல் ஓர் எண் இருக்கும்: 120 மி.மீ., 140 மி.மீ., 170 மி.மீ. என்று. சக்கரம் மேலும் கீழுமாக மொத்தம் எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. அதை நாம் ‘அசைவு நீளம்’ என்று அழைப்போம்.

எண் பெரிதானால் சைக்கிளும் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சரியல்ல என்பது என் கருத்து. ஏற்றமும் இறக்கமும் கலந்த சாதாரண மலைத்தடத்தில் ஓட்டுபவருக்கு 120 முதல் 140 மி.மீ. வரை போதும். அதற்கு மேல் தேடி அலைவதைவிட, வாங்கியதைத் தம் உடல் எடைக்குச் சரிப்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. ஏன் என்று பார்ப்போம்.

வில்லே இல்லாத காலம்

இந்த விளையாட்டு வளர்ந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுன்டி. 1976-ஆம் ஆண்டு அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். சுமார் 3 கி.மீ. தூரத்தில் 400 மீட்டர் இறக்கம்! பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர் என்பவர் அங்கே 4 நிமிடம் 22 நொடியில் இறங்கிச் சாதனை படைத்தார். எந்தச் சக்கரத்துக்கும் அப்போது ஷாக் அப்சார்பர் கிடையாது.

சைக்கிளின் முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வைக்கும் வழக்கம் 1990-ஐ ஒட்டித்தான் பரவியது. பின்சக்கரத்துக்கும் அது வந்தது அதன் தொடர்ச்சி. ஆக, அது இல்லாமலும் மலையில் ஓட்டலாம். அப்படியானால் அது எதற்கு?

சொகுசுக்கா, பிடிப்புக்கா?

சாதாரண சைக்கிளில் இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள்வில்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை உட்கார்ந்திருப்பவரின் முதுகைக் காப்பாற்றும். ஆனால் சக்கரம் கல்லில் மோதித் துள்ளுவதை அவற்றால் தடுக்க முடியாது.

மலைத்தடச் சைக்கிளின் சஸ்பென்ஷன் வேறு வேலை செய்கிறது. அது சக்கரத்தைத் தரையோடு ஒட்டிப் பிடிக்கிறது. உராய்வு விசை, இரு பரப்புகளையும் ஒன்றோடொன்று அழுத்தும் செங்குத்து விசையைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? சக்கரம் தரையை விட்டு எழும்பிய நொடியில் அந்தச் செங்குத்து விசை சுழி. ஆகவே உராய்வும் சுழி. அந்த நொடியில் பிரேக் பிடித்தும் பயனில்லை, ஹாண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை. சஸ்பென்ஷன் இந்த நொடிகளைக் குறைக்கிறது.

வில் மட்டும் இருந்தால் போதாது. அழுங்கிய வில் திரும்பி விரியும்போது ஓட்டுபவரையே தூக்கி எறிந்துவிடும். ஆகவே அதனுடன் எண்ணெய் நிரம்பிய ஒரு குழாயும் சேர்ந்திருக்கிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடும்போது, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இயற்பியல் பாடத்தில் வரும் தடையுறு அலைவு இதுவேதான்.

பெரிய எண்ணின் நியாயம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். அரை மீட்டர் உயரமுள்ள பாறையிலிருந்து சைக்கிளோடு குதிக்கிறீர்கள் என்று வையுங்கள். கால்களையும் டயரையும் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 120 மி.மீ. அசைவுக்குள் நிற்க, தரை தரவேண்டிய சராசரி விசை மொத்த எடையைப் போல் சுமார் 5 மடங்கு. அசைவு 200 மி.மீ. ஆனால் அது மூன்றரை மடங்குதான். ஒரே வேலையை அதிகத் தூரத்தில் செய்தால் விசை குறையும் என்ற விதிதான் காரணம். எனவே செங்குத்தான சரிவுகளில் குதித்து இறங்குவதையே விளையாட்டாகக் கொண்டவர்களுக்குப் பெரிய எண் தேவை. இதில் சந்தேகமில்லை.

ஆனால், பெரும்பாலான தடங்களில் நாள்தோறும் எதிர்ப்படுவது அரை மீட்டர்ப் பாறை அல்ல. சில சென்டிமீட்டர் உயரமுள்ள வேர்களும் கூழாங்கற்களும் தண்ணீர் அரித்த பள்ளங்களும்தான். என்றோ ஒருநாள் குதிப்பதற்காக எல்லா நாளும் பெரிய எண்ணைச் சுமக்க வேண்டுமா?

விலை எங்கே கொடுக்கிறோம்?

‘சுமக்க’ என்றதும் எடைதான் பெரிய குறை என்று எண்ணிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், 12 கிலோ சைக்கிளில் 400 மீட்டர் உயரம் ஏறுகிறார். 72 × 9.8 × 400 என்று பெருக்கினால் சுமார் 2,82,000 ஜூல். சைக்கிள் 15 கிலோவாக இருந்தால் கூடுதலாகச் சுமார் 12,000 ஜூல் வேண்டும். நூற்றுக்கு நாலுதான்! அரை மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும், அவ்வளவே. ஒரு கிலோவைக் குறைக்க ஏராளமான பணம் செலவழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. அசைவு நீளம் கூடிய சைக்கிளின் பின்பாகம் ஏற்றத்தில் அதிகம் அமிழும், முன்சக்கரம் இலேசாகும். மேலும், செங்குத்தான இறக்கத்தில் நிலை குலையாதிருக்க அதன் முன் ஃபோர்க்கை அதிகம் சாய்த்து அமைப்பார்கள். வேகமாக இறங்கும்போது இது துணை. மெதுவாக ஏறும்போதோ முன்சக்கரம் இடமும் வலமுமாக அலைபாயும். வளைந்து நெளிந்து செல்லும் குறுகிய தடத்தில் இது பெருந்தொல்லை.

பெடல் மிதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் பின்பாகம் அழுங்கி எழும்ப முயலும். அதில் உழைப்பு சிறிது வெப்பமாய் வீணாகும். பின்சக்கரத்தைத் தாங்கும் கரத்தின் கீலை ஏற்ற இடத்தில் வைத்தால், செயினின் இழுப்பே இந்த அழுங்கலை எதிர்த்து நிற்கும். அளவு மிஞ்சினாலோ, சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் செயின் பெடலைப் பின்னோக்கி உதைக்கும். இந்தச் சமநிலையைத் தேடித்தான் வடிவமைப்பாளர்கள் ஒரு கீல் உள்ளவை, நான்கு கீல் உள்ளவை என்று பலவகை அமைப்புகளை ஆக்கியிருக்கிறார்கள். 140 மி.மீ. சைக்கிள்கள் இரண்டு முற்றிலும் வேறாக ஓடுவதற்கு இதுவே காரணம். விளம்பர எண் இதைச் சொல்லுமா? சொல்லாது!

ஒலிம்பிக் சொல்லும் செய்தி

2012 லண்டன் ஒலிம்பிக் ஆடவர் மலைச் சைக்கிள் பந்தயத்தில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி, இரு சக்கர சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் வந்து தங்கம் வென்றார். ஒரே நொடி பின்தங்கி வெள்ளி பெற்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஓட்டியது, முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஷூர்ட்டரும் இரு சக்கர வகைக்கு மாறியிருந்தார். தங்கமும் அவருக்கே கிடைத்தது. சைக்கிள் மட்டுமே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் ஓட்டிய வகையின் அசைவு நீளம் சுமார் 100 மி.மீ. மட்டுமே!

சரிப்படுத்தாத சைக்கிள் சிறந்ததாகாது

ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் சஸ்பென்ஷன் ஓரளவு அமிழ வேண்டும். பின்சக்கரத்துக்கு, மொத்த அசைவில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு என்பது பொதுவான அளவு. ஏன் அமிழ வேண்டும்? மேட்டில் சக்கரம் மேலே போக இடம் வேண்டும். பள்ளத்தில் கீழே போகவும் இடம் வேண்டும் அல்லவா? 140 மி.மீ. சைக்கிள் 42 மி.மீ. அமிழ்ந்து நின்றால், சக்கரம் பள்ளத்துக்குள் 42 மி.மீ. இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

பல சைக்கிள்களில் வில்லுக்குப் பதில் அடைத்த காற்றே வில்லாக இருக்கிறது. 60 கிலோ நபருக்கும் 90 கிலோ நபருக்கும் ஒரே காற்றழுத்தம் பொருந்துமா? கடையில் வைத்த அழுத்தத்திலேயே ஓட்டினால், 140 மி.மீ. இருந்தும் சிலருக்குப் பாதிகூடப் பயன்படாது. வேறு சிலருக்கு ஒவ்வொரு கல்லிலும் அடி தட்டும். டயரில் காற்றைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். காசில்லாமல் கிடைக்கும் சஸ்பென்ஷன் அது.

எனவே சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை இது: நான் அதிக நாள் ஓட்டப்போகும் தடம் எது? அங்கே ஏற்றம் எவ்வளவு, குதிப்பு எவ்வளவு? சைக்கிளின் அளவு என் உயரத்துக்குப் பொருந்துகிறதா? என் எடைக்கு அதைச் சரிப்படுத்த முடியுமா? இவற்றுக்கெல்லாம் பிறகுதான் ‘எத்தனை மில்லிமீட்டர்?’ என்ற கேள்வி வர வேண்டும். தடம் வழவழப்பாக இருந்தால், பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே வேண்டாம் என்ற விடைகூடக் கிடைக்கலாம். அப்போது மிச்சமாகும் பணத்தில் நல்ல பிரேக்கும் தலைக்கவசமும் வாங்கலாம்.

விளம்பரத்தில் ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று கேளுங்கள். சைக்கிளுக்கு மட்டுமல்ல, விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும்.