கம்பஸின் முதல் தலைவர்



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் நாட்களில் நம் ஊர்களில் ஒரு செய்தி வீடு வீடாகப் போய்வரும். "இன்னாரின் மகள் கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறாவாம்." பல்கலைக்கழகம் என்று வாய் நிறையச் சொல்பவர்கள் குறைவு. கம்பஸ்தான்.

அந்தக் கம்பஸ், அதாவது வளாகம், ஒரு காலத்தில் சட்டத்திலேயே இருந்த பெயர். 1972ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒன்றாக்கி, இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒரே பெயரை வைத்தது. பேராதனையும் கொழும்பும் மற்றவையும் அதன் வளாகங்களாயின. துணைவேந்தர் நாடு முழுவதற்கும் ஒருவர். வளாகத்துக்கு வளாகம் ஒரு தலைவர். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த ஏற்பாடு முடிந்துபோனது. அந்தச் சில வருடங்களுக்குள் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி.

யாழ்ப்பாணத்துப் பேராசிரியரின் கதை கல்முனைக் கரையில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அவர் பிறந்தது 1933 ஏப்ரல் 5ஆம் திகதி, மலாயாவில், கோலாலம்பூரில். யுத்தம் முடிந்த பின் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலும், பிறகு கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தார். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்து 1957இல் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய உற்ற தோழர் கார்த்திகேசு சிவத்தம்பி. அவர் நம்முடைய கொழும்பு ஸாஹிராவில் படித்து, அங்கேயே படிப்பித்தவர் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

பட்டம் பெற்றவர் நேரே விரிவுரையாளராகப் போகவில்லை. தினகரன் பத்திரிகைக்குப் போனார். 1959இல் ஆசிரியர் ஆனபோது வயது இருபத்தாறு. அதுவரை இந்தியச் சஞ்சிகைகளைப் பார்த்து எழுதுவதே இலக்கியம் என்றிருந்த நிலையில், நம் நாட்டு மண்ணையும் நம் நாட்டு மனிதரின் பேச்சையும் எழுதியவர்களுக்கு அவர் பக்கங்களைத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் எழுத்தாளரான இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' என்ற நாவல் தினகரனில்தான் தொடராக வந்தது. சுபைர் என்பதே இளங்கீரனின் சொந்தப் பெயர்.

1961இல் பத்திரிகையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்குப் போய், ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆராய்ச்சி செய்தார். அந்த ஆராய்ச்சி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. அது சொன்ன விஷயத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.

நமது சங்கப் பாட்டுகளை ஏட்டில் எழுதிய புலவர்களின் வேலையாகவே பலரும் நினைத்திருந்தார்கள். கைலாசபதி அவற்றைக் கிரேக்கரின் பழைய வீரக் கதைப் பாடல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் வேர் வாய்ப்பாட்டில் இருக்கிறது என்றார். பாணர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். அவர்களிடம் ஆயத்தமான தொடர்களும் அடிகளும் நிறைய இருந்தன. சமயத்துக்கு ஏற்றதை எடுத்துக் கோத்து, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டினார்கள். எழுத்து இல்லாமலே பெரிய கவிதை பிறக்கும் என்பது அதன் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்துக் கவிகள்தான் நினைவுக்கு வந்தன. வட்டையில் பரணில் காவலிருந்தவர்களும், ஏணையில் பிள்ளையை ஆட்டிய உம்மாமாரும் பாடிய கவிகள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடிச் சேர்த்திராவிட்டால் பாதி மண்ணோடு போயிருக்கும். அவற்றிலும் இதே வித்தை இருக்கிறது. ஒரே தொடக்கம் பல கவிகளில் வரும், முடிவு ஆளுக்கு ஆள் மாறும். கைலாசபதியின் நூல் நம் கவிகளைப் பற்றியதல்ல. ஆனாலும் கையெழுத்துப் போடத் தெரியாத மூத்தம்மாவைப் "படிக்காதவ" என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கி வைக்க அதைப் படித்த பிறகு மனம் வராது.

இனி வளாகத்துக்கு வருவோம். 1974 அமைதியான வருடமல்ல. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் இடங்கள் குறைந்திருந்தன. அதே வருடம் மாவட்டக் கோட்டாவும் வந்தது. பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக நமது அம்பாறையும் அதனால் பயன் பெற்றது. ஒரே சட்டம் அங்கே கண்ணீரையும் இங்கே கதவுத் திறப்பையும் கொண்டுவந்ததை நாம் மறைக்கக் கூடாது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் வேண்டும் என்று தமிழ்த் தலைவர்கள் நெடுநாள் கேட்டு வந்திருக்க, அரசாங்கம் யாழ்ப்பாணத்தில் வளாகம் என்றது. எதிர்ப்புக் கிளம்பியது. அதன் நடுவே 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வளாகத்தைத் திறந்து வைத்தார்.

கட்டடம்கூடப் புதிதல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி கலைப் பாடங்களுக்கு, வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பகுதி விஞ்ஞானத்துக்கு. நாற்பத்தொரு வயதுத் தலைவரை அரசாங்கத்தின் ஆள் என்று ஏசியவர்களும் இருந்தார்கள். அவர் இடதுசாரி, அதை ஒளித்தவருமல்ல. அவரது விமர்சனங்களில் கட்சிக் கண் கூடுதல் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இரவல் கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன, சிங்கள மாணவரும் வந்து படித்தார்கள். அந்த 70களிலேயே கல்முனைக்குடிக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றும் வரைக்கும் அந்த ஊரில் அப்படியும் ஒரு காலம் இருந்தது.

1977இல் ஆட்சி மாறியது, தலைவர் பதவியும் போனது. அவருக்குப் பின் அவருடைய ஆசிரியர் சு. வித்தியானந்தன் வந்தார். கைலாசபதி அதே இடத்தில் பேராசிரியராகத் திரும்பவும் வகுப்பறைக்குப் போனார். இரத்தப் புற்றுநோய் 1982 டிசம்பர் 6ஆம் திகதி அவரைக் கொண்டுபோனது. வயது 49. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிறகு கதவுகள் நம் பக்கமும் நகர்ந்து வந்தன. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தத்தால் நம் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க முடியாமல் போனபோது, 1995இல் நமக்கென ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி, மறுவருடம் அதுவே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். ஒலுவிலுக்குக் காலையில் பஸ் ஏறும் மகள், அஸருக்குப் பின் வீடு வந்து சேர்ந்துவிடுகிறாள். யாழ்ப்பாணத்திலோ, பரமேஸ்வராவில் தொடங்கிய அந்த வளாகத்தில் இன்று ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. கைலாசபதி கலையரங்கு என்று பெயர்.