முகிலில் இட்ட மேசை

அரசாங்கத்தின் கடிதப் பெட்டகம் களவு போயிற்று என்று கேட்டால், பூட்டு உடைந்ததோ, காவலன் உறங்கினானோ என்றே நம் முன்னோர் வினவியிருப்பர். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் ‘இலங்கை அரச முகில்’ எனப்படும் கணினித் தொகுதிக்கு நேர்ந்த தீங்கிலே பூட்டு உடையவில்லை. கதவு திறந்த ஓசையும் எழவில்லை. ஆயினும், அவ்வாண்டு மே மாதம் 17ஆந் திகதி தொடங்கி ஓகஸ்ட் 26ஆந் திகதி வரை அரச அலுவலர் எழுதியனவும் பெற்றனவுமாகிய மின்னஞ்சல்கள் மறைந்தொழிந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5000. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும்.

இத்தீங்கினைச் செய்தது ‘கப்ப மென்பொருள்’. முற்காலத்திலே சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்திய திறைக்குக் கப்பம் என்று பெயர். இற்றைநாளில் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் அச்சொல் அச்சுறுத்திப் பறிக்கும் பணத்தைக் குறித்து நிற்கிறது. கணினியுட் புகுந்து, அங்குள்ள ஆவணங்களை எவரும் வாசிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றிவிட்டு, ‘பொருள் தந்தால் திறவுகோல் தருவோம்’ என்று செய்தி விடுக்கும் மென்பொருளுக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைப்பது அரிது.

தொகுதியைப் பொறுப்பேற்று நடத்திய தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் பன்னிரண்டு மணித்தியாலத்துள் அதனை மீள இயங்கச் செய்தது. ஆயினும், மேற்கூறிய காலத்துக்குரிய காப்புப் பிரதி எதுவும் இருக்கவில்லை. அங்கு இயங்கிய மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனமே 2023 ஏப்பிரல் 11ஆந் திகதியோடு அதற்குரிய ஆதரவை நிறுத்திக்கொண்டது. அஃதாவது, அதன்பின் அதில் எத்தனை ஓட்டை கண்டுபிடிக்கப்படினும் அடைப்பார் இல்லை. நான்கு திங்களில் கள்வர் வந்தனர். புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்ததென்றும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சபையின் சில தீர்மானங்களாலும் தாமதித்ததென்றும் நிலையத்தார் விளக்கம் கூறினர். 2022இல் எரிபொருளுக்கே பணமின்றித் தவித்த நாடு மென்பொருள் வாங்கத் தயங்கியதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால், நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தற்கு அத்துணைப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இவ்விரண்டு குறைகளுள் பின்னையதே பெரிது என்பது எம் கருத்து.

அரசாங்கத்துக்கு நேர்ந்தது தமக்கு நேராது என்று வணிகர் எண்ணியிருத்தல் தகாது. 2020இல் நோய்த்தொற்றுக் காரணமாகக் கந்தோர்கள் மூடப்பட்ட காலந்தொட்டு, தொலைவிலிருந்து தொழில் செய்யும் முறைகள் எங்கும் பரவின. அவற்றுள் ஒன்று ‘மெய்நிகர் மேசைத்தளம்’. கணக்கும் கடிதமும் எழுதும் கணினி எழுதுவினைஞரின் மேசைமீது இல்லை. தொலைவிலுள்ள ஒரு தரவு நிலையத்தின் இரும்புத் தட்டிலே இருக்கிறது. அம்பிட்டியவில் தம் வீட்டில் இருக்கும் ஒருவர், கொழும்புக் கந்தோரின் கணக்கேட்டைத் திறந்து எழுதுகிறார். அவர் முன்னுள்ள திரையில் தெரிவது அக்கணக்கேட்டின் நிழலே. ‘முகில்’ என்னும் பெயர் படிப்போரை மயக்கும். அங்கே வானமும் இல்லை, மழையும் இல்லை. பிறனொருவன் கட்டடமும், அவன் மின்சாரமும், அவன் பூட்டுமே உள.

இம்முறையை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. மனைகள் மண்ணுள் மறைந்தன. அத்தகைய நாளில் அலுமாரியில் இருந்த பேரேடு சேற்றோடு போகும். தொலைவிலே வைத்த பேரேடு தப்பும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றபோது அதனை எட்டவியலாது என்பது உண்மையே; எனினும் அழிந்த ஏட்டினும் எட்டாத ஏடு மேலானது. வீட்டுக் கணினி களவு போயினும் கந்தோரின் கணக்கு அதனுள் இல்லை என்பதும் ஒரு நன்மை.

இடர் யாதெனின், எல்லா அறைக்கும் ஒரே வாயில் அமைந்துவிடுதல். ஒருவருடைய கடவுச்சொல் கள்வர் கையில் அகப்படின், அவர் அமரும் நாற்காலியிலேயே கள்வர் அமர்ந்துவிடலாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கீழைக் கரையோர மாநிலங்களுக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி சில நாள்கள் நிறுத்தப்பட்டது. கள்வர் புகுந்த வழி, வழக்கொழிந்த ஒரு தொலைநுழைவுக் கணக்கின் கடவுச்சொல். அக்கணக்குக்கு இரண்டாவது சான்று எதுவும் கேட்கப்படவில்லை. நிறுவனத்தார் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர் கப்பம் கட்டினர். நம் ஊர்க் கடைகளில் வேலையை விட்டு நீங்கியவரிடம் திறப்பைத் திருப்பி வாங்காமல் எவரும் விடுவதில்லை. அவர் பெயரிலுள்ள கணினிக் கணக்கையோ மாதக்கணக்காக மூடாமல் விட்டுவிடுகின்றனர்.

ஆதலின், கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசியில் வரும் இரண்டாம் சான்றையும் கேட்கும் முறையே முதற் காவலாகும். அடுத்தது, தொலைமேசையின் வாயிலை உலகம் முழுவதும் காணத் திறந்து வையாமை. இணையத்தில் திறந்து கிடக்கும் வாயில்களை இரவும் பகலும் தேடித் தட்டும் நிரல்கள் உள. 2019இல் மைக்ரோசொப்டின் தொலைமேசைச் சேவையில் ‘புளூகீப்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவு நிறுத்தப்பட்ட பழம்பதிப்புகளுக்கும் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட நேர்ந்தமை அதன் கொடுமையைக் காட்டும். கணக்கெழுதுவோருக்குச் சம்பளப் பட்டியலைத் திறக்கும் உரிமை ஏன்? முகாமையாளராயினும், நாளாந்த வேலைக்கு முழு அதிகாரமுடைய கணக்கைப் பயன்படுத்துதல் தவறே. தொலைமேசையில் உள்ளதை வீட்டுக் கணினிக்குப் பெயர்த்துக்கொள்ளும் வசதியையும், தேவையற்ற இடத்தில் அடைத்தல் வேண்டும்.

முகில் வழங்கும் நிறுவனம் எல்லாவற்றையும் காக்கும் என்ற நம்பிக்கையொன்று வணிகரிடையே உளது. கட்டடம், இயந்திரம், மின்சாரம் என்பவற்றை அந்நிறுவனம் காக்கும். யார் உள்ளே வரலாம், எதைத் திறக்கலாம் என்பதை வகுப்பது வாடிக்கையாளர் கடமை என்றே அவர்தம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கூறும். அவ்வொப்பந்தத்தை வாசித்தவர் எத்துணையரோ!

நிற்க. பிரதி பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; அது தமிழ் கற்போர்க்கு அந்நியமான பொருளன்று. ஏடு பெயர்த்தெழுதும் வழக்கம் இல்லாதிருப்பின் சங்க நூல்கள் நமக்கு எய்தியிரா. சிறுப்பிட்டியில் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஓரிடத்து ஏடு செல்லரித்திருப்பின் வேறிடத்து ஏடு துணை செய்யும் என்பதே அத்தகைய பதிப்பாசிரியர்தம் நம்பிக்கை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் பிறிதோர் இடத்தில் பிரதியுள்ளவற்றை மீண்டும் வாங்கினோம். பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளை இன்றுவரை பெற்றிலோம். செல்வம் மிக்க கொரியாவிலும் இவ்வுண்மை மறக்கப்பட்டது. 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி தேஜொன் நகரின் அரச தரவு நிலையத்தில் தீப்பற்றியது. அலுவலர் தம் கோப்புகளை இட்டுவைத்த முகிற் பெட்டகம் 858 தெராபைட் அளவினது. அதற்கு வெளியிடப் பிரதி இருக்கவில்லை. கள்வர் வாராமலே அனைத்தும் அழிந்தன. கப்ப மென்பொருளோ, வலையமைப்பில் இணைந்திருக்கும் பிரதியையும் தேடிச் சென்று கெடுக்கும். ஆகவே ஒரு பிரதியேனும் இணைப்பறுத்து வேறிடத்தில் இருத்தல் வேண்டும்; அதிலிருந்து மீட்க இயலுமா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும்.

மலையகத்தார்க்கு ஆவணத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதிந்த தாளில்லாத தோட்டத் தொழிலாளர் பல இலட்சத்தவர் பிறந்த மண்ணிலே நாடற்றவராயினர். 2003இல் இயற்றப்பட்ட 35ஆம் இலக்கச் சட்டம் வரை அத்துன்பத்தின் எச்சம் நீடித்தது. அவர்தம் பெயரர்க்குரிய சம்பளப் பதிவும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும், அடையாள அட்டை இலக்கமும் இன்று ஏதோ ஒரு கந்தோரின் கணினியில் உறைகின்றன. அக்கந்தோர் கவனயீனமாய் இருப்பின் இழப்பவர் முதலாளி மட்டுமல்லர். தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் கடமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறுவனங்கள் மீது சுமத்தியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மைப் பகுதிகளோ பிற்போடப்பட்டன. பிற்போட்ட காலத்தில் ஆயத்தம் செய்வோர் சிலர். ஆறுதல் கொள்வோர் பலர்.

மற்றுமொன்று. இரண்டாம் சான்று கேட்கும் அறிவிப்புப் பல கந்தோர்களில் ஆங்கிலத்திலேயே வருகிறது. கள்வர் நள்ளிரவில் நுழைய முயலும்போதும் அதே அறிவிப்பே கைத்தொலைபேசியில் ஒலிக்கும். மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, சலித்தவர் ‘ஆம்’ என்று அழுத்தும் வரை காத்திருத்தலும் அவர்தம் தந்திரங்களுள் ஒன்று. வாசித்து விளங்காதவர் முதன்முறையிலேயே அழுத்திவிடக் கூடும். ‘இப்பொழுது உள்நுழைபவர் நீர்தாமா?’ என்னும் அவ்வொரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் தம் ஊழியர்க்கு விளக்கிவைக்க, முகிலில் மேசையிட்ட முதலாளிமார்க்கு அரைமணி நேரம் போதும்.