செவிக்கும் இமை வேண்டும்

கண்ணுக்கு இமை உண்டு. வேண்டாத காட்சியை அது மூடி மறைக்கும். செவிக்கோ இமை இல்லை. நாம் உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. இருளில் வரும் இடரை ஒலியே முதலில் உணர்த்தும். ஆதலின், ஓர் ஒலி எழுந்த அளவில், நாம் விரும்பினும் விரும்பாவிடினும், மனம் அதன்பால் ஓடுகிறது. இவ்வியல்பினால்தான் திறன்பேசியின் சிற்றொலியும் நம்மை ஈர்த்துவிடுகிறது.

மாணவர் ஒருவர் கணக்கொன்றைப் போடத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். மூன்றாம் படியை எழுதும்போது பேசி ஒலிக்கிறது. எடுத்துப் பார்த்தால், ஏதோ ஒரு கடையின் தள்ளுபடிச் செய்தி! பார்ப்பதற்கு ஆகும் காலம் சில நொடிகளே. ஆயினும், அறுந்த எண்ண இழையை மீண்டும் முடிய அவர் முதற்படிக்கே செல்ல வேண்டியிருக்கிறது. மாலை முழுதும் இவ்வாறே கழியுமாயின், புத்தகம் திறந்திருந்தது என்பதன்றிப் படித்தது என்று சொல்ல என்ன இருக்கும்?

தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவர் தம் படிப்பறையில் அக்கருவியை வைத்துக்கொள்ளவில்லை. தனித்திருந்து சிந்திப்பதற்கென ஒதுக்கிய அறைக்குள் வெளியுலகம் நுழைவதை அவர் விரும்பவில்லை. அன்றைய தொலைபேசி கம்பியால் ஓரிடத்தில் கட்டுண்டிருந்தது. அறையினின்று விலக்கினால் போதும். இன்றைய பேசியோ சட்டைப்பையிலேயே குடியிருக்கிறது. ஆதலின் எல்லையைக் கருவிக்குள்ளேயே வகுத்தல் வேண்டும்.

முதலில் அறிவிப்புகளை நோக்குவோம். அவற்றுள் பல வணிகரின் குரல். 2022இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகச் சேர்க்கும் செயலி, அறிவிப்பு அனுப்ப நம் இசைவைக் கேட்கிறது. ஐபோனிலும் அம்முறை உண்டு. நாமோ வினாவைப் படியாமலே ‘அனுமதி’ என்பதை அழுத்திவிடுகிறோம். கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கூட்டத்தை நொந்து பயன் என்ன? கொடுத்த இசைவை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதே தக்கது.

அழைப்பு அத்தகையதன்று. அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘பெரியவர்கள் அழைக்கும்போது பேசியை ஒலியடக்கி வைத்தல் பண்பாகுமோ?’ எனச் சிலர் வினவுவர். கண் புத்தகத்திலும் மனம் எங்கோவுமாக ‘உம்’ கொட்டுவதினும், பின்னர் அழைத்து முழுமனத்தோடு பேசுதல் அவர்களுக்குச் செய்யும் மதிப்பாகும். ஆயினும் அவ்வினாவில் ஓர் உண்மை உண்டு. ஊரில் தனித்திருக்கும் தாய்க்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், விடுதியில் உறங்கும் மகனை எழுப்ப வேறு வழி ஏது? எல்லா அழைப்புகளையும் ஒருங்கே அடக்கிவிடுதல் அமைதி ஆகாது, பொறுப்பின்மையே ஆகும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க, ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்னும் அமைப்பு பேசியிலேயே உள்ளது. நாம் குறித்த சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்குமாறு அதில் செய்யலாம். அத்தாய்க்காக அண்டை வீட்டார் அழைத்தால் என் செய்வது? அதற்கும் வழி உண்டு. ஒருவரே மறுமுறை அழைத்தால், அவ்விரண்டாம் அழைப்பு ஒலிக்குமாறு அமைக்கலாம். ஐபோனில் 3 நிமிடத்திற்குள்ளும், பல ஆண்ட்ராய்டு பேசிகளில் 15 நிமிடத்திற்குள்ளும் அது வருதல் வேண்டும். பேசியை முற்றும் அணைத்துவிட்டாலோ இவ்வழியும் அடைபட்டுவிடும்.

மாணவர்களே! கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை முழுமையாகக் கேட்க விரும்புவோர், பிறவற்றைக் கேளாதிருக்கவும் பழகுதல் வேண்டும். படிக்க அமருமுன் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களைக் குறித்துவைத்துப் பிறவற்றை அடக்குங்கள். படித்து முடித்ததும், அழைத்தவர்களை நீங்களே அழைத்துப் பேசுங்கள். காலமறிந்து மூடுவது போலவே, காலமறிந்து திறப்பதும் இமையின் கடமையன்றோ?