ஏறி மிதிக்கத்தான் இந்தச் சிற்பம்!

பூங்காவில் சிலை வைத்தால், பக்கத்திலேயே "தொடாதே" என்று ஒரு போர்டும் வைப்பது வழக்கம். பிள்ளைகள் ஆசையாகக் கை வைத்தால் போதும், விசில் பறக்கும்!

ஜப்பானில் உள்ள சப்போரோ நகரம் வேறு வழி காட்டுகிறது. அங்குள்ள மொயெரெநுமா பூங்கா, ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிய இடம். இன்று பூங்கா முழுவதுமே ஒரே சிற்பம்! 30 மீட்டர் உயரத்துக்கு மலை. ஏறிப்போக 99 கல்படிகள். கடற்கரை மாதிரி, பவளக்கல் பதித்த ஆழமில்லாத குளம். பிள்ளைகள் இறங்கிக் கும்மாளம் போடலாம்.

இசாமு நோகுச்சி என்ற சிற்பி, 1933-லேயே இப்படியொரு "விளையாட்டு மலை"க்குத் திட்டம் போட்டார். நியூயார்க் பூங்கா அதிகாரி ராபர்ட் மோசஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவரோ சிரித்தே அனுப்பிவிட்டார்! அந்த ஊரில் மலை எழும்பவே இல்லை.

அரை நூற்றாண்டு ஓடியது. 1988-ல் சப்போரோ கூப்பிட்டது. 83 வயதுப் பெரியவர் போனார்; பிளான் போட்டுக் கொடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கண்ணை மூடினார். தன் மலையில் ஒரு பிள்ளை ஏறியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

சிற்பி போய்விட்டார் என்று பைலைக் கட்டி வைக்கவில்லை சப்போரோ. விடாமல் வேலை பார்த்து, 2005-ல் பூங்காவை முழுசாகத் திறந்தது. சபாஷ்!

ஓர் அதிகாரியின் சிரிப்பு, ஓர் ஊர்ப் பிள்ளைகளின் மலையையே பறித்துவிட்டது. பூங்கா யாருக்கு? சிலைக்கா, பிள்ளைகளுக்கா? "தொடாதே" போர்டு எழுதும் முன்பு யோசிக்கட்டும்!