வண்டி போடும் சத்தம்

ஐந்தாறு வருடங்களுக்கு முன் என் பழைய மாருதி 800 காலையில் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு பெரிய பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டார்கள். "வால்வு வேலை இருக்கு சார். ஹெட்டை இறக்கணும். 22,000 ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகை அல்ல.

மனம் ஒப்பவில்லை. முதலியார்பேட்டையில் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "காலையில மட்டுமா, நாள் பூராவுமா? சூடேறினா கூடுதா, கொறையுதா? மேம்பாலம் ஏறும்போது எப்படி இருக்கு?" என்று மூன்று கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "ரெண்டு நாள் ஓட்டிக் கவனிச்சுட்டு வாங்க ஐயா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கவனித்தேன். காலையில் பலமாக இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடுகிறது. பத்து நிமிடம் ஓடியபின் காணாமல் போகிறது. இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தைக் காட்டினார். கரி படிந்து கறுத்திருந்தது. அங்கிருந்த கேஸ்கெட் போய்விட்டது. அந்த இடைவெளி வழியே புகை அடித்து வெளியேறுவதுதான் 'டிக் டிக்'. சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடும், சத்தம் நின்றுவிடும். புது கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 600 ரூபாயில் வேலை முடிந்தது.

முதல் பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வால்வு இடைவெளி கூடினாலும் இதே போன்ற சத்தம்தான் வரும். தவறு என்னுடையது. "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னேன். தேதியும் இல்லாமல், இடமும் இல்லாமல் ஒரு மனு வந்தால் 'விவரம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பியே காலம் கழித்தவன் நான். அப்படிப்பட்ட மனுவைத்தான் நானும் அங்கே கொடுத்திருக்கிறேன்.

"காசு கொடுக்கிறோம், மெக்கானிக் கண்டுபிடிக்கட்டும்" என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெக்கானிக் நம் வண்டியைக் கேட்பது ஐந்து நிமிடம். நாம் தினமும் கேட்கிறோம். எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது என்பதை வண்டிக்காரன்தான் சொல்ல முடியும்.

பிரெஞ்சில் எஞ்சின் சத்தங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. லேசான கிலுகிலுப்பு 'கிளிக்தி', கனத்த இடி 'கோஞ்மான்', சீழ்க்கை 'சிஃப்ளமான்'. நம் தமிழ் மட்டும் என்ன குறைச்சலா? ஏசி போட்டதும் 'கீச்' என்றால் முதலில் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லலாம். மேடு ஏறும்போது மட்டும் 'கிலுகிலு' என்றால் பெட்ரோலோ இக்னிஷன் டைமிங்கோ சரியில்லாமல் இருக்கலாம். 'கரகர' என்று ஓயாமல் இரைந்தால் தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங்குகளைச் சந்தேகிக்கலாம். பெல்ட்டைக் கழற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, சத்தம் நின்றால் கோளாறு எஞ்சினுக்கு உள்ளே இல்லை என்று மெக்கானிக் முடிவு செய்துவிடுவார். இதையெல்லாம் நாமே செய்து பார்க்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் விசிறி சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுழலும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிகிறவர்கள் ஜாக்கிரதை.

ஒரு சத்தத்துக்கு மட்டும் இரண்டு நாள் கவனிக்கிற பொறுமையெல்லாம் கூடாது. எஞ்சினின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சுத்தியல் அடிப்பதுபோல் வந்து, சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், ஓரங்கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். என் மைத்துனர் திண்டிவனத்திலிருந்து வரும்போது அப்படித்தான் விளக்கு எரிந்தது. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினார். கிளியனூர் தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் இல்லாமல் பேரிங் உருகி, கிராங்க் ஷாஃப்ட் பாழாகிவிட்டது. கடைசியில் வண்டி பழைய இரும்பு விலைக்குத்தான் போயிற்று. நின்ற இடத்தில் அணைத்து ஒரு இழுவை வண்டியைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

என் வண்டியின் 'டிக் டிக்'கையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்று அந்த மெக்கானிக் சொன்னார். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை கிடையாது. ஜன்னலை மூடிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு போகும் வண்டிக்குள் அது புகுந்தால் என்ன ஆகும்? 600 ரூபாய் வேலைதானே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட அதன்பின் மனம் வரவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். வயதானால் முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் காதுக்கு எட்டாமல் போகும். போன மாதம் பேத்தி, "தாத்தா, ஏசி போட்டா வண்டி கீச்சுன்னு கத்துதே, கேக்கலையா?" என்றாள். எனக்குக் கேட்கவே இல்லை. போய்ப் பார்த்தால் பெல்ட்டில் வெடிப்பு.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நீளமான மதில் சுவர் ஒன்றை ஒட்டி மெதுவாக ஓட்டுவேன். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அவள் சொல்வதைச் சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன். மனு ஒழுங்காக இருந்தால் வேலையும் ஒழுங்காக நடக்கும்.