அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் ஒரு துட்டு

'துட்டு' என்னும் சொல்லைத் தமிழென்றே எண்ணியிருக்கிறோம். ஒல்லாந்தரின் 'டொயிட்' என்னும் செப்புக் காசே நம் நாவில் துட்டாயிற்று என்பதைப் பலர் அறியார்.

அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் கறுத்த செப்புக் காசொன்று கிடைத்ததா? உற்று நோக்குங்கள். வீ, ஓ, சீ என்னும் மூன்று எழுத்துக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பின், அஃது 1602ஆம் ஆண்டு தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதன் கீழே காசு அடிக்கப்பட்ட ஆண்டைக் காணலாம். மறுபுறத்துச் சின்னம், அஃது ஒல்லாந்தர் நாட்டின் எந்த மாகாணத்துக்குரியது என்பதைப் பெரும்பாலும் உணர்த்தும்.

விலை என்ன? பழமை மட்டுமே விலையாகாது. இக்காசுகள் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. ஆதலால் அருமையும் தேய்வின்மையுமே மதிப்பைத் தீர்மானிக்கும். பளபளப்பை விரும்பிப் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள்! நெடுங்காலம் படிந்த கறுப்பு நீங்கும். அதனோடு மதிப்பும் நீங்கும்.

அக்காசு நம் இல்லத்துக்கு எவ்வாறு வந்தது என்பதை மட்டும் எந்த நூலும் கூறாது. அதனை அறிந்தவர் அம்மம்மா ஒருவரே. காசு காத்திருக்கும், காலம் காத்திராது. இன்றே அவரருகில் அமர்ந்து, கேட்டு எழுதி வையுங்கள்.